கயிற்றுக்கடைச் சம்பந்தம்

"இப்ப நாறுதா?" என்று கேட்டார் காஜா மொய்தீன்.

அவர் மனைவி மரியம் மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். "நாறல. ஆனா வாசன கீது."

"அது இன்னாடி, நாறல, வாசன கீது?"

"நமக்கு வாசன. வர்றவங்களுக்கு நாத்தம்."

காஜா மொய்தீன் தலையில் கைவைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். பெண் பார்க்க வருகிறவர்கள் வண்ணாரப்பேட்டையிலிருந்து கார் ஏறியிருப்பார்கள். விடிந்ததிலிருந்து தரையை மூன்று தடவை கழுவியாயிற்று. சுவரைக்கூடத் துடைத்தாயிற்று. இன்னும் வாசனை போகவில்லை என்றால் மனிதன் என்னதான் செய்வான்?

எண்ணூரில் சிப்பி வியாபாரம் என்றால் அது காஜா மொய்தீன்தான். கடலை ஒட்டிய உப்பங்கழியில் தண்ணீர் வற்றும் நேரம் பார்த்துப் பெண்கள் இறங்கி, பாறையில் ஒட்டிக்கிடக்கும் சிப்பியை உளியால் பெயர்த்து எடுத்து வருவார்கள். அவர் அதை ஈரச் சாக்கில் கட்டி ரயிலேற்றிப் பட்டணத்துக்கு அனுப்புவார். வெள்ளைக்காரன் கப்பல் ஏறிப் போய்விட்டான். அவன் விட்டுப்போன கிளப்பும் ஓட்டலும் போகவில்லை, அங்கே சிப்பி தின்னும் நாக்கும் போகவில்லை. அந்த வியாபாரத்தில்தான் ஓட்டு வீடு கட்டினார், ஒரே மகள் ஜெரினாவை வளர்த்தார். அந்த வியாபாரம்தான் இப்போது அவள் கல்யாணத்துக்குக் குறுக்கே நின்றது.

ஏற்கெனவே ஒரு வரன் வாசல் வரைக்கும் வந்தது. கொல்லையில் வீட்டு உயரத்துக்குக் குவிந்திருந்த சிப்பி ஓட்டைப் பார்த்தது. "அவசர வேலை இருக்கு" என்று வந்த வண்டியிலேயே திரும்பிப் போயிற்று. அன்று ஜெரினா கட்டியிருந்த புதுப்புடவையை அவிழ்த்து மடித்துப் பெட்டியில் வைத்தாள். காஜா மொய்தீன் அதை இன்றைக்கும் மறக்கவில்லை.

இந்த முறை தரகர் முன்கூட்டியே எச்சரித்திருந்தார்.

"பாய், இது பெரிய எடம். ஜவுளிக்கடை சௌக்கத் அலி. பையன் பேரு ஜஹாங்கீர், தங்கமான பையன். ஆனா அவங்க வூட்டம்மா ரஹீமுன்னிசா கீதே, ரொம்பக் கட்டு. அவங்க ஹனஃபி வழி. கடல்ல இருந்து மீனத் தவிர வேற எதுவும் அந்த வூட்டு அடுப்புல ஏறாது. நண்டு வித்துகினு போறவன் தெருவுல வந்தாலே ஜன்னலச் சாத்திடுவாங்க."

"நாங்க ஷாஃபி வழி. எங்களுக்கு சிப்பி ஆகுமே? இதுல தப்பு இன்னா கீது?"

"தப்புன்னு யாரு சொன்னது? அந்தம்மாவுக்கு ஆகாது, அவ்ளோதான். இன்னொண்ணு கேட்டுக்க. அந்தம்மாகூட சரின்னுடும். சௌக்கத் அலிதான் பேஜாரு. பல்லாவரத்துல தோல் மண்டிக்காரர் பொண்ணு, ராயபுரத்துல கப்பல் ஏஜெண்டு பொண்ணு, எல்லாத்தையும் தட்டி வுட்டாரு. கொறை இன்னான்னும் சொல்ல மாட்டேன்றாரு. மூஞ்சிய உம்முன்னு வச்சிகினு பொருந்தலன்றாரு. அதனால உன்னை கயிறு வியாபாரின்னு சொல்லி வச்சிருக்கேன்."

"கயிறா?"

"சாக்கு கட்ட கயிறு வாங்குற இல்ல? அப்ப உனக்கும் கயித்துக்கும் சம்பந்தம் கீது. பொய் இல்ல."

காஜா மொய்தீன் ஐந்து வேளை தொழுகிற ஆள். பொய் அவருக்கு ஆகாது. ஆனால் மடித்து வைத்த அந்தப் புடவை கண்முன் வந்தது. சரி என்று தலையாட்டிவிட்டார்.

ஜெரினாதான் கேட்டாள். "வாப்பா, கயிறுன்னு சொல்லிக் கட்டிக் குடுத்துட்டு, அப்பால நான் அங்க போயி கயிறு திரிக்கணுமா?"

"நீ சும்மா இரு புள்ள. நிக்காஹ் முடியட்டும், அப்பால பாத்துக்கலாம்."

அதற்குப் பிறகு அவர் செய்தது ஒவ்வொன்றும் ஒரு வினையை இழுத்து வந்தது.

கொல்லையிலிருந்த சிப்பி மேட்டை ஒரே நாளில் அப்புறப்படுத்த முடியாது. ஓட்டை அள்ளிப்போகும் சுண்ணாம்புச் சூளைக்காரனின் வண்டி மாடு நோயில் படுத்திருந்தது. எனவே மேட்டின்மேல் தென்னங்கீற்றைப் பரப்பி மூடினார். வெறும் கீற்றென்றால் சந்தேகம் வருமே என்று, படகுக்காரர்களிடம் கெஞ்சிப் பழைய கயிறுகளை இரவல் வாங்கி வந்து மேலே சுருள் சுருளாக அடுக்கினார். பார்வைக்கு அசல் கயிற்று மண்டிதான். ஆனால் வருஷக்கணக்காக வலையிலும் மீனிலும் புரண்ட கயிறு அது. சிப்பி வாசனையாவது கிட்டே வந்தால்தான் தெரியும். கயிற்று நாற்றம் தெருமுனைக்கே போய் ஆளைக் கூப்பிட்டது.

நாற்றத்தைப் போக்கச் சாம்பிராணி போட்டார். போதாதென்று இன்னொரு சட்டியிலும் போட்டார். கதவில் அத்தர் தடவினார். கார் சத்தம் கேட்டபோது வீட்டுக்குள் புகை மூட்டத்தில் மரியம் எங்கே நிற்கிறாள் என்பதே அவருக்குத் தெரியவில்லை.

வண்டியிலிருந்து முதலில் டிரைவர் ராசையா இறங்கிக் கதவைத் திறந்துவிட்டான். ரஹீமுன்னிசா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு இறங்கினாள். பின்னால் சௌக்கத் அலி. தரகர் சொன்னது சரிதான், முகம் உம்மென்றுதான் இருந்தது. இறங்கி நின்றவர் வானத்தைப் பார்த்தார். மூக்கு விடைக்க ஒரு நீண்ட மூச்சு இழுத்தார். அப்புறம் இன்னொன்று இழுத்தார்.

போச்சு என்று நினைத்துக்கொண்டார் காஜா மொய்தீன்.

"அஸ்ஸலாமு அலைக்கும், வாங்க, வாங்க! அது ஒண்ணுமில்ல, கடல் காத்து."

"வ அலைக்குமுஸ்ஸலாம். காத்து மட்டும்தானா?" என்று கேட்டார் சௌக்கத் அலி.

"காத்து மட்டும்தான்!"

ரஹீமுன்னிசா உள்ளே பெண்களிடம் போனாள். வாசலைத் தாண்டும்போதே இருமல் பிடித்துக்கொண்டது. "இன்னா இது, வூட்ல யாராச்சும் மௌத்தாயிட்டாங்களா?" என்று அவள் கேட்பதும், "இல்லீங்க, கொசு" என்று மரியம் சமாளிப்பதும் வெளியே கேட்டன. நல்ல வேளையாகப் பெண்கள் பின்னறைக்குப் போய் ஜன்னலைத் திறந்துகொண்டார்கள்.

முன்னறையில் ஆண்கள் இருவரும் புகையில் உட்கார்ந்திருந்தார்கள். சௌக்கத் அலியின் கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"வெளிய போயி ஒக்காரலாமே" என்றார் அவர்.

"வெளிய வெயிலு."

"பரவால்ல." சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குக் கொல்லைப் பக்கம் நடந்துவிட்டார்.

காஜா மொய்தீன் பின்னாலேயே ஓடினார். சம்பந்தியாக வரவேண்டியவர் நேரே மேட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றார். கயிற்றைப் பார்க்கவேயில்லை. கீற்றின் ஓரத்தில் வெளியே தெரிந்த ஒரு சிப்பி ஓட்டைக் குனிந்து எடுத்தார். உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"இது இன்னா?"

"அதா? அது... சுண்ணாம்புக்கு! பக்கத்து வூட்டுக்காரன் கொட்டி வச்சிருக்கான். எவ்ளோ சொல்லியும் கேக்க மாட்டேன்றான்."

"ஓடு இங்க கீது. உள்ள இருந்தத இன்னா பண்ணாங்க?"

குரலில் ஒரு கடுமை இருந்தது. காஜா மொய்தீன் இரண்டு கையையும் வீசி மறுத்தார்.

"கடல்லயே கொட்டிடுவாங்க! இந்த ஊர்ல அத மனுசன் தொடுவானா? சீச்சீ! கலீஜ்!"

"கடல்லயேவா கொட்றாங்க?"

"ஒண்ணு வுடாம கொட்டிடுவாங்க. இப்ப இந்தக் கழியில தேடினாலும் ஒரு சிப்பி கெடைக்காது."

சௌக்கத் அலி கண்ணை மூடிக்கொண்டார். மறுபடி கண்ணில் தண்ணீர் வந்தது. சாம்பிராணிப் புகை இங்கே வரைக்கும் துரத்துகிறதே என்று காஜா மொய்தீன் தன்னையே திட்டிக்கொண்டார். அந்த மனுஷர் ஓட்டைக் கீழே போடவும் இல்லை. ஒரு சாட்சிப் பொருளைப் போல ஜிப்பாப் பையில் போட்டுக்கொண்டார்.

சாப்பாட்டு நேரம் வந்தது. மரியம் ஆட்டிறைச்சி பிரியாணி செய்திருந்தாள். அதன் மணம்தான் அன்று அந்த வீட்டில் இருந்த ஒரே நல்ல மணம். உள்ளே ரஹீமுன்னிசா சிரித்துப் பேசிச் சாப்பிடுவது திரைக்கு இப்பால் கேட்டது. "பொண்ணு கைராசி நல்லா கீது. பேச்சும் மரியாதையா கீது" என்று அவள் சொன்னதும் காஜா மொய்தீனுக்கு உயிர் வந்தது.

புகை அடங்கிய முன்னறையில் சௌக்கத் அலி இரண்டு கவளத்தோடு கையை நிறுத்தினார். தட்டைப் பார்த்தார். சமையற்கட்டுப் பக்கம் பார்த்தார்.

"வேற எதுனா கீதா?"

காஜா மொய்தீன் ஓடிப்போய்க் கோழி வறுவலைக் கொண்டுவந்தார்.

சௌக்கத் அலி அதையும் பார்த்தார். "வேற?"

வஞ்சிர மீன் வந்தது.

"வேற ஒண்ணும் இல்லியா?"

"அல்வா கீது" என்றார் காஜா மொய்தீன், அழாத குறையாக.

சௌக்கத் அலி பெருமூச்சு விட்டார். "சரி. ஒரு எலுமிச்சம்பழம் இருக்குமா?"

இதைக் கேட்டதும் காஜா மொய்தீனுக்கு விளங்கிவிட்டது. குமட்டுகிறது மனுஷருக்கு. பஸ்ஸில் வாந்தி வருகிறவர்கள் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்களே, அந்த நிலைமைக்கு வந்துவிட்டார். ஓடிப்போய்ப் பழத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். வந்தவர் அதையும் ஜிப்பாப் பையில் போட்டுக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் வாசலில் குரல் கேட்டது.

"பாய்! இன்னிக்கி எங்க கொட்றது?"

காஜா மொய்தீன் ஊரெல்லாம் ஏற்பாடு செய்திருந்தார். சிப்பி எடுக்கும் நீலாவிடம் சொல்ல மட்டும் மறந்துபோனார். தலையில் கூடை, கூடை நிறையச் சிப்பி, மேலே ஈரச்சாக்கு, நீர் சொட்டச் சொட்ட அவள் நின்றாள். அன்றைக்கென்று பார்த்து உள்ளங்கை அளவுக்குக் கொழுத்த சிப்பி.

காஜா மொய்தீன் வாசலுக்குப் பாய்ந்தார். "யாரும்மா நீ? வழி தப்பி வந்துட்டியா?"

நீலா அவரை மேலும் கீழும் பார்த்தாள். ஜெரினா தவழ்ந்த நாளிலிருந்து அவள் அந்த வீட்டுக்குச் சிப்பி கொண்டுவருகிறவள்.

"இன்னா பாய், டபாய்க்கிறியா? கழியில நின்னு கையெல்லாம் கிழிஞ்சி பேத்துகினு வந்தா, யாருன்றியே!"

"மெல்லப் பேசு! இங்க கயிறுதான் விக்கிறோம்."

"கயிறா? வெயில்ல மண்ட காஞ்சிட்சா பாய் உனக்கு?"

திரைக்குப் பின்னாலிருந்து ரஹீமுன்னிசாவின் குரல் வந்தது. "யாரு வாசல்ல?"

"பிச்சைக்காரிங்க!" என்று கத்தினார் காஜா மொய்தீன்.

நீலாவின் முகம் போன போக்கைச் சொல்லி முடியாது. கூடையை இறக்கித் தொப்பென்று அவர் காலடியில் வைத்தாள். "பிச்சைக்காரியா நானு? இரு, அப்பால வந்து பேசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று போய்விட்டாள்.

கூடை நடுவாசலில் கிடந்தது. வீட்டுக்குள் கொண்டுபோனால் பின்னறையில் அந்தம்மா. கொல்லைக்குப் போக வேண்டுமென்றால் சௌக்கத் அலியைத் தாண்டிப் போக வேண்டும். தெருவில் வைத்தால் நாய்கள் இழுத்துவந்து வாசலில் போடும். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பூவரச மர நிழலில் வந்தவர்களின் கார் நின்றது. முன் சீட்டில் ராசையா காலை வெளியே நீட்டிக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

காஜா மொய்தீன் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டார். சத்தமில்லாமல் கார் டிக்கியைத் திறந்தார், கூடையை உள்ளே வைத்தார், மூடினார். எப்படியும் சாப்பாடு முடிந்து, டீ குடித்து, பேசிப் புறப்பட நேரமாகும். அதற்குள் எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்.

திரும்பியபோது முன்னறை ஜன்னல் கம்பிக்குப் பின்னால் சௌக்கத் அலி நின்றுகொண்டிருந்தார். எப்போதிலிருந்து நிற்கிறார் என்று தெரியவில்லை.

"கெளம்பலாம்" என்றார் சௌக்கத் அலி.

"இன்னும் டீகூட..."

"வேணாம். நேரமாச்சி. ரஹீமா! எழுந்து வா!"

"இன்னாங்க இது, அல்வா கையில கீது" என்று உள்ளேயிருந்து அவள் கேட்டாள்.

"கார்ல துன்னுக்கலாம் வா! காலடிப்பேட்டைல உன் தங்கச்சி வூட்டுக்குப் போவணும்னியே!"

காஜா மொய்தீன் காருக்கு ஓடினார். "ஒரு நிமிசம் சம்பந்தி, டிக்கி சரியா சாத்தலபோல கீது. நான் பாத்து..."

சௌக்கத் அலி அவருக்கும் டிக்கிக்கும் நடுவில் வந்து நின்றார். "சாத்திதான் கீது."

"இல்ல, ஒரு தபா தொறந்து..."

"சாத்திதான் கீதுன்றேன்!"

அப்படி ஒரு உறுமலைக் கேட்டபிறகு யார் கிட்டே போவார்கள்? கதவுகள் மூடிக்கொண்டன. கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. பெண் பிடித்ததா என்று ஒரு வார்த்தை இல்லை. காஜா மொய்தீன் செருப்பைக்கூடப் போடாமல் பின்னால் ஓடினார். ரயில்வே கேட் வரைக்கும் ஓடினார். கேட் திறந்தே இருந்தது, கார் போயே போய்விட்டது. அவர் அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார்.

நடக்கப்போவது அவருக்கு அப்படியே தெரிந்தது. காலடிப்பேட்டையில் கார் நிற்கும். அல்வாப் பொட்டலம் வைக்க அந்தம்மா டிக்கியைத் திறக்கச் சொல்லும். முதல் சிப்பி அவள் காலில் விழும். பெண்ணைப் பெற்றவன் திருட்டுத்தனமாக வண்டியில் சிப்பி ஏற்றி அனுப்பினான் என்று வண்ணாரப்பேட்டை முழுக்கப் பேசும். அதற்கப்புறம் ஜெரினாவை யார் கேட்டு வருவார்கள்?

வீட்டுக்கு வந்தபோது ஜெரினா தலையில் மல்லிகைப்பூ இருந்தது.

"அந்தம்மாதான் வச்சி வுட்டாங்க" என்றாள். "நல்லவங்க வாப்பா. பையனும் அவங்கள மாதிரியேதான் இருப்பாராம்."

காஜா மொய்தீனால் மகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "நான் கெடுத்துட்டேன் புள்ள. எல்லாத்தையும் நானே கெடுத்துட்டேன்" என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மரியம் போய்ச் சாம்பிராணிச் சட்டியைக் கவிழ்த்து வைத்தாள்.

பொழுது சாயும் நேரம், மக்ரிபுக்குப் பாங்கு சொல்லச் சற்று முன்னால், தெருவில் ஹாரன் அடித்தது. அதே கார்.

"வந்துட்டாங்க" என்றார் காஜா மொய்தீன். "கூடைய என் மூஞ்சிலயே கொட்ட வந்துட்டாங்க. கொட்டட்டும். வாங்கிக்கிறேன்."

ஆனால் காரிலிருந்து இறங்கியது ராசையா ஒருவன்தான். கையில் நீலாவின் கூடை இருந்தது. அதை வாசலில் வைத்தான். உள்ளே வெறும் ஓடுகள் கரி பிடித்துக் கிடந்தன. மேலே பிழிந்து போட்ட ஒரு எலுமிச்சைத் தோல் கிடந்தது.

காஜா மொய்தீன் கூடையைப் பார்த்தார், ராசையாவைப் பார்த்தார். "இது... எங்கப்பா கொட்டினீங்க?"

"கொட்றதா? நல்லா கேட்ட பாய்! அம்மாவ காலடிப்பேட்டைல எறக்கி வுட்டதும், கடல்கரைக்கி வுட்றா வண்டியன்னாரு மொதலாளி. சுள்ளி பொறுக்கி நெருப்பு மூட்டச் சொன்னாரு. எல்லாத்தையும் சுட்டு, பழத்தப் புழிஞ்சி, ஒத்த ஆளா குந்திகினு துன்னாரு. எனக்கு ரெண்டே ரெண்டு குடுத்தாரு."

"சௌக்கத் அலியா? அவங்க வூட்ல ஆகாதே!"

"அம்மா வூட்டுக்குத்தான் ஆகாது. அவரு பழவேற்காட்டுக்காரரு பாய், உன்ன மாதிரி ஷாஃபி. வூட்டோட மாப்பிள்ளையா வந்ததுலருந்து ஒரு சிப்பிய கண்ணால பாக்கல. இந்த ஊர்ல ஒண்ணுகூட கெடைக்காதுன்னு நீ சொன்னியாமே, அழுதே பூட்டேன்டா ராசையான்னாரு. போற வழியில எங்கனா கெடைக்குமோன்னு பழம் மட்டும் வாங்கி வச்சிகினாராம். அப்பால ஜன்னல் வழியா கூடைய பாத்தாராம், கால் தரையில நிக்கலயாம்."

மரியம் திரைக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினாள். காஜா மொய்தீன் ராசையாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப... சம்பந்தம்?"

"முடிஞ்சா மாதிரிதான். வர்ற ஜும்மாவுக்கு அப்பால தேதி குறிக்க வர்றாங்க. அம்மாவுக்கு மட்டும் கயிறுன்னே இருக்கட்டும்னாரு. பொண்ணு அந்த வூட்டுக்கு வந்தப்புறம் மாசா மாசம் அவர் கடைக்கி ஒரு மூட்ட கயிறு அனுப்பச் சொன்னாரு. ஈரக் கயிறு."

காஜா மொய்தீனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆனாலும் ஒரு விஷயம் மட்டும் மனதை உறுத்திக்கொண்டேயிருந்தது.

"அது சரிப்பா. பல்லாவரத்துலயும் ராயபுரத்துலயும் எவ்ளோ பெரிய எடமெல்லாம் வந்துச்சி. அதுல இன்னா கொறைய கண்டு தட்டி வுட்டாரு?"

ராசையா காரில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினான்.

"கொறையா? அங்கெல்லாம் சிப்பி ஏது பாய்?"